அப்பா பேரை எடுத்துடுங்க

மழை வலுத்தாலே வித்யாதர் உப்ரேதிக்குத் தூக்கம் போய்விடும். வீடு ஒழுகுமே என்ற கவலை இல்லை. மறுநாள் காலையில் மலையூரான நௌலாகேத்தின் பஜாரில் தலைகாட்டினால், டீக்கடையிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்.

"வித்யாதர் தாஜ்யூ, உங்கப்பா மறுபடியும் சரிஞ்சு விழுந்துட்டாரு. ரெண்டு பக்கமும் லாரி நிக்குது."

அப்பா இறந்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது. சரிந்தது லோக்மணி உப்ரேதி சாலை. "உங்கப்பாவுக்குள்ள தண்ணி வரல" என்றால் அது லோக்மணி உப்ரேதி இன்டர் காலேஜ். "உங்கப்பா மேல நாய் படுத்துக்கெடக்கு" என்றால் பேருந்து நிலையத்துச் சிமெண்ட் பெஞ்சு. யாரோ கேலியாகத்தான் ஆரம்பித்து வைத்தார்கள். வருஷம் போகப் போகக் கேலி தேய்ந்து, புகார் மட்டும் நின்றது. "தாஜ்யூ" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவர்களிடம் எரிந்து விழவும் முடியாது.

வித்யாதர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதை நெருங்கியும் ஊருக்கு அவர் மந்திரி மகன்தான். புகார் வந்தால் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஏதாவது ஓர் அலுவலகத்துக்குப் போவார். அதிகாரி எழுந்து நின்று கும்பிடுவார், நாற்காலி போடச் சொல்வார், டீ வரும், அப்பாவின் தியாகத்தைப் பற்றி நாலு வார்த்தை வரும். அதோடு சரி. வீட்டுக்குத் திரும்பிச் செருப்பைக் கழற்றும்போது மனைவி சம்பா கேட்பாள்.

"இன்னிக்கு என்ன குடுத்தாங்க? டீயா, டீயும் பிஸ்கட்டுமா?"

"பிஸ்கட்டும் குடுத்தான்."

"அப்ப கண்டிப்பா நடக்காது."

அப்பா பெரிய மனிதர்தான். அதில் மகனுக்குச் சந்தேகமே கிடையாது. மீசை அரும்பிய வயதில், வெள்ளைக்கார அதிகாரிகளின் மூட்டையைக் கூலியில்லாமல் சுமக்க மாட்டோம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர்களில் லோக்மணி உப்ரேதியும் ஒருவர். பிறகு சிறைக்குப் போனார். சுதந்திரத்துக்குப் பின் லக்னோவில் மந்திரியானார். அப்போது கட்டியதுதான் அவர் பேர் தாங்கிய ஆஸ்பத்திரி. அரசாங்கம் கொடுத்த பணம் பாதிச் சுவரோடு தீர்ந்துபோக, அவர் வந்து ஜனங்களைக் கூப்பிட்டார். துரைமார் மூட்டையைச் சும்மா தூக்க மாட்டோம் என்று சொன்ன அதே முதுகுகள், ஆற்றிலிருந்து மேடு வரைக்கும் கல்லைச் சும்மா சுமந்தன. வித்யாதரும் அந்த வரிசையில் ஒரு சின்னக் கல்லோடு நடந்திருக்கிறார்.

அந்த ஆஸ்பத்திரியில் இப்போது கட்டடம் இருந்தது. கட்டில் இருந்தது. பிரசவ அறைக்குப் பக்கத்தில் அறுவை சிகிச்சை அறை என்று எழுதிய ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவில் பூட்டும் இருந்தது. அறுவை செய்யத் தெரிந்த டாக்டர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. மாற்றல் உத்தரவு வரும், ஆள் வரமாட்டார். வந்தால் ஒரு மாதத்துக்குள் சமவெளிக்கே திரும்பிவிடுவார். நர்சு ஒருத்தியும் மருந்து கொடுப்பவர் ஒருவருமாகக் காய்ச்சலையும் சிராய்ப்பையும் சமாளித்தார்கள். கொஞ்சம் சிக்கலான நோயாளி என்றால் ஒரே பதில்தான். ஹல்துவானி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

அந்த வருஷம் ஆவணியில் புஷ்கர் நயாலின் பெண்டாட்டி நீமா இறந்துபோனாள்.

புஷ்கர் ஜீப் டிரைவர். மேல் கிராமத்துக்காரன். ஹல்துவானி சாலையின் வளைவெல்லாம் அவனுக்குக் கைரேகை மாதிரி. நீமாவுக்கு முதல் பிரசவம். மத்தியானம் வலி கண்டு, ரத்தப்போக்கும் கண்டதும் தன் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பினான். ஆஸ்பத்திரியில் நர்சு முடிந்ததைச் செய்தாள். குழந்தை பிறந்தது, பெண். ரத்தம் மட்டும் நிற்கவில்லை. ஹல்துவானி என்றார்கள். மறுபடி ஏற்றிக்கொண்டு போனான். பாதி வழியில் மலை சரிந்து சாலை அடைபட்டிருந்தது. இந்தப் பக்கம் புஷ்கரின் ஜீப், அந்தப் பக்கம் ஹல்துவானி, நடுவில் மண்ணும் பாறையும். மழை விடாமல் கொட்டியது. மண்ணள்ளும் இயந்திரம் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்த பிறகு, மொட்டைத் தலையோடு புஷ்கர் வித்யாதரின் வீட்டுக்கு வந்தான். சம்பா டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை. சண்டை போடப் போகிறான் என்று வித்யாதர் நினைத்தார். சண்டை போட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

"சாச்சா, ஒண்ணே ஒண்ணு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. உங்ககிட்ட சொல்லிட்டுப் போயிடறேன்."

"சொல்லுப்பா."

"நான் நேரா ஹல்துவானிக்குத்தான் விடறதா இருந்தேன். வெளிறிப் போயிட்டா, பார்த்தாலே தெரிஞ்சுது. ஆஸ்பத்திரி வாசல்ல வரும்போது போர்டு கண்ணுல பட்டுச்சு. இவ்வளவு பெரிய மனுஷன் பேரை எழுதி வச்சிருக்காங்களே, உள்ள ஏதாவது இருக்கும்னு ஒரு நெனப்பு. வண்டியத் திருப்பிட்டேன்." மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். "திருப்பாம இருந்தா, மலை சரியறதுக்கு முன்னாடி அந்த எடத்தைத் தாண்டியிருப்பேன் சாச்சா. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

ஏதோ சொல்ல வேண்டுமே என்று வித்யாதர், "குழந்தை எப்படி இருக்கு?" என்றார்.

"அம்மாகிட்ட இருக்கா. பசும்பால் குடுக்கறோம்." எழுந்து கும்பிட்டான். "உங்கமேல கோவம் இல்ல. யார்கிட்டயாவது சொல்லணும்ல."

அவன் போன பிறகு சம்பா ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பாவின் பிறந்த நாள் புரட்டாசியில் வரும். ஆஸ்பத்திரி முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. நினைவுக் குழுவின் செயலாளர் லீலாதர் ஜோஷி ஒவ்வொரு வருஷமும் சாமியானா போட்டு, செண்டுப்பூ மாலை வாங்கி, எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டு விழா எடுப்பார். எம்.எல்.ஏ. பேசுவார், சுகாதாரத் துறை அதிகாரி பேசுவார், காலேஜ் பெண்கள் பாடுவார்கள். கடைசியில் குடும்பத்தின் சார்பில் வித்யாதர் மைக்கைப் பிடித்து இரண்டு வரியில் நன்றி சொல்வார். பிறகு உருளைக்கிழங்கு வறுவலும், கடுகு அரைத்துவிட்ட வெள்ளரிக்காய் ரைத்தாவும், பூரியும். எத்தனையோ வருஷமாக இதில் ஒரு வார்த்தை மாறியதில்லை.

அன்று வித்யாதர் மைக்கைப் பிடித்தார். தயாரித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோயிற்று.

"ஒரு வேண்டுகோள்," என்றார். "இந்த ஆஸ்பத்திரி போர்டுலேருந்து எங்கப்பா பேரை எடுத்துடுங்க."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள்.

"டாக்டர் வந்தப்புறம் வேணும்னா திரும்ப எழுதிக்கலாம். இப்ப இந்தப் பேரு ஆளுங்களை ஏமாத்துது. பேரைப் பார்த்துட்டு உள்ள வராங்க. உள்ள யாரும் இல்ல. எங்கப்பா உசுரோட இருந்தவரைக்கும் யாரையும் ஏமாத்தினதில்ல. செத்தவரை இப்ப ஏமாத்துக்காரர் ஆக்காதீங்க. அவ்வளவுதான்."

லீலாதர் ஜோஷி பாய்ந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். "அப்பா மேல உள்ள பாசத்துல அண்ணன் உணர்ச்சிவசப்பட்டுட்டாரு" என்று சொல்லி, யாரும் எதிர்பாராதபோது தேசிய கீதத்தைப் பாட வைத்துவிட்டார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். பந்தியில் வித்யாதருக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

மறுநாள் பத்திரிகையில் நாலாம் பக்கத்தில் வந்தது. அதற்கப்புறம் போன் ஓயவில்லை. லக்னோவிலிருந்து பெரியப்பா மகன், "நம்ம குடும்பத்துக்குன்னு மிச்சம் இருந்ததே அந்தப் பேருதான். அதையும் நீயே பிடுங்கி எறிஞ்சுட்டியா?" என்று கத்தினார். காசியாபாதிலிருந்து மகள், "பாபு, உடம்பு சரியில்லையா? இங்க வந்து கொஞ்ச நாள் இருங்களேன்" என்றாள். லீலாதர் வீட்டுக்கே வந்து, வாசலில் நின்றபடி வைதார்.

"என் சொந்தக் காசப் போட்டு விழா எடுக்கறேன். உனக்கு வந்து உக்காந்து மாலை வாங்கிக்கறதுதான் வேலை. அதைக்கூட ஒழுங்கா செய்ய மாட்டியா?"

"லீலாதர், நீமா பொணத்தை நீ பார்த்தியா?"

"பொணம் எந்த ஊர்ல இல்ல? அதுக்கும் பேருக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பாதான் உள்ளேயிருந்து, "ஜோஷிஜி, உள்ள வந்து திட்டுங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றாள். அவர் போய்விட்டார்.

பேர் இறங்கியது. நௌலாகேத்தின் சரித்திரத்தில் எந்த அரசாங்க வேலையும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. தீபாவளிக்கு முன்பே தலைநகரத்திலிருந்து உத்தரவு வந்து, ஓர் ஆள் ஏணி போட்டு ஏறி, லோக்மணி உப்ரேதியைச் சுண்ணாம்பால் அடித்து மறைத்தான். வித்யாதர் எதிர்க்கடையில் நின்று பார்த்தார். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரியும் இருந்தது, யாரோ அப்பாவின் முகத்தில் துணியைப் போட்டு மூடின மாதிரியும் இருந்தது.

மறு வாரமே சேதி தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் புதுப் பேர் வைக்கிறார்கள். உமேத் சிங் தசீலா அரசு மருத்துவமனை. தேர்தல் வருகிறது. ஆற்றுக்கு அந்தக் கரையில் உமேத் சிங்கின் தாக்கூர் சாதி ஓட்டு நிறைய. உமேத் சிங் தசீலாவும் அந்தக் காலத்துத் தியாகிதான். பரேலி ஜெயிலில் லோக்மணி உப்ரேதியோடு ஒரே கம்பளியில் படுத்தவர். வெளியே வந்து சில வருஷத்தில் இருவரும் ஜென்மப் பகையாளிகளானார்கள். டாக்டரைப் பற்றி உத்தரவில் ஒரு வரியும் இல்லை.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், வித்யாதரின் வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றாள். குள்ளமான உருவம், கம்பளிச் சால்வை, கையில் ஊன்றுகோல். படியேறியதில் மூச்சு வாங்கியது.

"நீங்கதானே லோக்மணி உப்ரேதி மகன்? நான் ஹன்ஸா. உமேத் சிங் தசீலா மக."

வித்யாதர் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பாகேஷ்வரில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், புருஷன் போய்விட்டார், தனியாக இருக்கிறாள் என்பதெல்லாம் சம்பா கேட்ட கேள்விகளில் தெரியவந்தது.

"பண்டிட்ஜி, நீங்க இறக்கி வச்ச மூட்டையை என் தலையில ஏத்திட்டாங்க," என்றாள் ஹன்ஸா. "போன்ல கூப்பிட்டு, உங்கப்பாவுக்குக் கௌரவம்னாங்க. கயித்த இழுக்க என்னைக் கூப்பிடறாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பழைய பேப்பரைப் புரட்டினா நீங்க பேசினது கண்ணுல படுது. என் சந்தோஷம் போச்சு."

"மன்னிச்சுக்கோங்க, திதி. நான் அதை நெனச்சே பார்க்கல" என்றார் வித்யாதர், அக்கா முறை வைத்து.

"உங்க குடும்பமே அப்படித்தான். உங்கப்பாவும் ரோட்டை உங்க கரையில போட்டுட்டு, எங்க கரையை நெனச்சே பார்க்கல. எங்க ஆளுங்க அப்புறம் இருபது வருஷம் நோயாளிய டோலில தூக்கிட்டு ஆத்தைக் கடந்தாங்க."

அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்ததை வித்யாதர் சொன்னார். "அந்தக் கரையில பாறை கெட்டியில்லன்னு இன்ஜினீயர் சொன்னாராம்."

"இப்ப எந்தக் கரை சரியுது?"

நீமா கிடந்த இடம் வித்யாதரின் கண் முன்னால் வந்தது. அடுக்களையில் சம்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினாள்.

ஹன்ஸா அன்று அங்கேயே சாப்பிட்டாள். கேழ்வரகு ரொட்டியும் கீரையும். அவள் மனதில் ஒரு திட்டம் இருந்தது. அதைக் கேட்டதும் வித்யாதர், "திதி, எனக்கு முடியும்னு தோணல. ரொம்பக் களைச்சுப் போயிட்டேன்" என்றார்.

"நான் மட்டும் என்ன, துள்ளிக்கிட்டா இருக்கேன்? உக்காரத்தானே சொல்றேன். ஓடவா சொல்றேன்?"

விழாவன்று பலகையைச் சிவப்புத் துணியால் மூடியிருந்தார்கள். துணியின் மூலையிலிருந்து ஒரு கயிறு தொங்கியது. எம்.எல்.ஏ. பேசி முடித்து, ஹன்ஸாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கயிற்றைக் கொடுத்தார். காமிராக்காரர்கள் முன்னால் வந்தார்கள். ஹன்ஸா கயிற்றைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இழுங்க மாதாஜி," என்றார் எம்.எல்.ஏ.

"இழுக்கறேன். ஆபரேஷன் பண்ற டாக்டர் வரட்டும். வந்தவுடனே இழுக்கறேன்."

"மாதாஜி, விளையாடாதீங்க. எழுந்திருங்க."

"எனக்கு மூட்டுவலி. என்னை எழுப்பணும்னா டாக்டரைக் கூப்பிடுங்க."

பின்னால் நின்ற பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வெடித்தது. வித்யாதர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு நாற்காலி இல்லை. ஹன்ஸாவின் காலடியில் படியிலேயே உட்கார்ந்தார். எம்.எல்.ஏ.வுக்கு அடுத்த ஊரில் வேலை இருந்தது. தியாகியின் கிழட்டு மகளைக் காமிரா முன்னால் தூக்கிக்கொண்டு போக எந்தப் போலீஸ்காரனும் முன்வரவில்லை.

முதலில் திருவிழா மாதிரி இருந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். புல் அறுக்கப் போகும் பெண்கள் அரிவாளோடு வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மலையேறினார்கள். இரவில் கிழவர்கள் இருவரும் வித்யாதரின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கயிற்றை ஜீப் டிரைவர்கள் முறை வைத்துக் காத்தார்கள். பெரும்பாலும் புஷ்கர்தான். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அங்கேயே சுருண்டு படுத்துக்கொள்வான். வீட்டுக்குப் போடா என்றால், "அங்கயும் தூக்கம் வரதில்ல" என்பான்.

பிறகு பத்திரிகைக்காரர்கள் நின்றுபோனார்கள். அறுப்பு முடிந்து பெண்களும் குறைந்தார்கள். கார்த்திகைக் குளிர் எலும்பில் இறங்கியது. வித்யாதருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஹன்ஸாவின் முழங்கால் வீங்கியது. பேச விஷயம் தீர்ந்துபோய், பழைய சாலைச் சண்டையையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதுவும் அலுத்த பிறகு வெறுமனே உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மருந்துக்கடைக்காரன் கதவைத் திறப்பான், மூடுவான். நாள் போய்விடும்.

"எங்கப்பாங்கல்லாம் இதை எப்படிச் செஞ்சாங்க?" என்றார் வித்யாதர் ஒரு மத்தியானம். "ஜெயில், பட்டினி, நடை. எனக்கு இந்தப் படிக்கே தாங்கல."

"அவங்க சின்ன வயசு," என்றாள் ஹன்ஸா. "அப்புறம் வீட்டுல வந்து எரிஞ்சு விழுவாங்க. அதை யாரும் புஸ்தகத்துல எழுதறதில்ல. எங்கப்பா ஜெயில்லேருந்து வந்து ஒரு வருஷம் யார்கூடயும் பேசல. சுவத்தைப் பார்த்து உக்காந்திருப்பாரு. எங்கம்மா அவரை அரிசி மூட்டை மாதிரி நகர்த்தி வச்சுப் பெருக்குவா."

வித்யாதர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, கண்ணில் நீர் வந்துவிட்டது.

இன்னொரு நாள் லீலாதர் ஜோஷி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேலிடத்துல பேசிட்டேன். திரும்ப உப்ரேதி பேரையே வச்சுடலாம்னு சொல்றாங்க. எழுந்திரு வித்யாதர், வீட்டுக்குப் போ. உடம்பைப் பாரு, எப்படி ஆயிட்ட" என்றார்.

"ஓ, எங்கப்பா பேரு அதுக்குள்ள புளிச்சுப் போச்சா?" என்றாள் ஹன்ஸா.

வித்யாதர் கண்ணை மூடிக்கொண்டார். சரி என்று சொல்லிவிடத்தான் ஆசையாக இருந்தது. பேர் திரும்பிவிடும், லக்னோ அண்ணன் போன் செய்வார், வீட்டில் கணப்புப் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். "டாக்டர் பேரு ஏதாவது சொன்னாங்களா, லீலாதர்?" என்று மட்டும் கேட்டார்.

லீலாதர் பையிலிருந்து ஒரு பொட்டலம் பால் மிட்டாயை எடுத்துப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

காரியத்தை முடித்தது ஜீப்காரர்கள்தான். கல்யாண சீசன் தொடங்கிய அன்று, நௌலாகேத் வழியாக ஒரு வண்டியும் ஓடாது என்று சாவியை உருவிக்கொண்டு ஆஸ்பத்திரி முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை ஊர்வலங்கள் வழியில் நின்றன. கல்யாண வீட்டார் எம்.எல்.ஏ.வைப் பிடித்துக்கொண்டார்கள். நீமாவின் சாவுக்கு அசையாதவர்கள், பந்தல்காரனும் பேண்டு வாத்தியக்காரனும் போட்ட கூச்சலுக்கு அசைந்தார்கள்.

டாக்டர் வந்தாள். ரூபீனா என்று பேர், காசிப்பூர்க்காரி, படிப்பு முடித்து ஒப்பந்தப்படி மலையில் வேலை பார்க்க வேண்டிய சின்னப் பெண். பேருந்தில் வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தது. மேளமும் மாலையுமாகக் கூட்டம் நிற்பதைப் பார்த்து மிரண்டு, "முதல்ல குளிக்க வெந்நீர் கிடைக்குமா?" என்றாள். சம்பா கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

மறுநாள் பூட்டிய அறையைத் திறந்து பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தாள். "விளக்கு எரியல, கூரை ஒழுகுது. அதெல்லாம் சரிபண்ணிடலாம். மயக்க மருந்து குடுக்கற டாக்டர் எங்க? அவர் இல்லாம நான் கத்தியத் தொட முடியாது."

ஹன்ஸா வித்யாதரைப் பார்த்தாள். அவிழ்க்கப் போன கயிற்றை மறுபடி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். இருவரும் போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். அன்று வித்யாதருக்கு அழுகையே வந்தது.

மயக்க மருந்து டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார் என்று மார்கழி தொடக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

"ரெண்டு நாளா?" என்றாள் ஹன்ஸா. "மிச்ச நாள்ல பொம்பளைங்க வலியை அடக்கிக்கணுமா?"

சுகாதார அதிகாரி கையைப் பிசைந்தார். இதுக்கு மேல ஆள் இல்லை, அம்மா என்றார். அவரும் களைத்த மனிதராகத்தான் தெரிந்தார். ஹன்ஸா மணிக்கட்டிலிருந்து கயிற்றை அவிழ்த்தாள். கயிறு பதிந்த தடம் சிவந்திருந்தது.

"துணியை எடுக்கறதுக்கு முன்னாடி ஆளைக் கூப்பிட்டு எங்கப்பா பேரையும் அழிச்சுடுங்க. வேற யார் பேரும் வேண்டாம். அரசு மருத்துவமனைன்னு எழுதினாப் போதும்."

அதற்கு அதிகாரி உடனே சம்மதித்தார். அதில் யாருக்கும் சிரமம் இல்லை.

அந்த வாரமே அறுவையில் ஒரு குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. புஷ்கர்தான் ஓடிவந்து சொன்னான். சொல்லும்போது அவன் முகம் கோணிக்கொண்டது. சட்டென்று திரும்பி, ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். வித்யாதர் போய் அவன் தோளில் கை வைத்தார். அடுத்த குழந்தை மயக்க மருந்து டாக்டர் வராத ஒரு நாளில் வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. அந்தப் பெண்ணை ஹல்துவானிக்குத்தான் கொண்டு போனார்கள். சாலை திறந்திருந்தது, பிழைத்துக்கொண்டாள். டாக்டர் ரூபீனா ஒப்பந்தம் முடிந்தபின் இருப்பாளா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

ஹன்ஸா ஊருக்குக் கிளம்பினாள். சம்பா ஒரு பையில் எலுமிச்சையும் கேழ்வரகு மாவும் கட்டிக் கொடுத்தாள். வித்யாதர் ஜீப் வரைக்கும் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"வெயில் காலத்துல எங்க கரைக்கு வாங்க, பண்டிட்ஜி. எங்கப்பா சொன்ன பாதையக் காட்டறேன். பாறை கெட்டியா இல்லையான்னு நீங்களே தட்டிப் பாருங்க."

"வரேன் திதி. இப்ப ஒரு மாசம் தூங்கறேன்."

"நான் ரெண்டு மாசம்."

புஷ்கர் அவளை முன் சீட்டில் ஏற்றி, முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பளியை மடித்து வைத்தான். வண்டி கிளம்பிப் பஜாரைத் தாண்டியது. வித்யாதர் கையை ஆட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி முதல் வளைவுக்குப் போவதற்குள்ளேயே அந்த அம்மாள் தூங்கிப்போயிருந்தாள் என்று சாயங்காலம் புஷ்கர் வந்து சொன்னான்.